நாலேகால் அங்குலம்

தமிழில் 'மட்டை' என்னும் சொல்லுக்கு முதற்பொருள் கிரிக்கெட் ஆட்டக்காரன் கையிலுள்ள கருவி அன்று. தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் விழும் ஓலைத் தண்டே மட்டை. கடல் கடந்து வந்த ஆட்டத்தின் கருவிக்குப் பெயர் தேடிய நம் மக்கள், காலடியில் கிடந்த பொருளின் பெயரையே எடுத்து அதற்கு இட்டனர் போலும். பெயர் மட்டுமன்று, பொருளும் அதுவேயாக இருக்கக் காண்கிறோம். போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரத்தில், மேற்கே ஏலமலையின் நிழல் இறங்கி வரும் மாலை வேளையில், அறுவடை முடிந்த தரிசில் சிறுவர்கள் கூடி ஆடுகின்றனர். ஒருவன் கையில் செதுக்கிய தென்னை மட்டை. மற்றொருவன் கையில் பழைய பலகைத் துண்டு. சற்று வசதியுள்ள வீட்டுப் பிள்ளையிடம் பிளாஸ்டிக் மட்டை. ஆட்டத்தின் சுவைக்கு ஒன்றும் குறைவில்லை.

குறை தொடங்குவது வேறோர் இடத்தில். இவ்வாறு ஆடிப் பழகிய பிள்ளை பள்ளிக்கூடத்து அணியில் சேர்க்கப்படுகிறான். இனி ஆடப்போவது தோல் பந்தில். எனவே "நல்ல மட்டை ஒன்று வாங்கி வா" என்று சொல்லி அனுப்புகின்றனர். அத்தகைய பிள்ளை ஒருவனின் தாயை நாம் அறிவோம். விடியுமுன் ஜீப்பில் மலையேறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்து, இருட்டும் நேரத்தில் வீடு திரும்புபவர். கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு நம்மிடம் அவர் கேட்டது இது: "இம்புட்டு மலையும் மரமும் இருக்கு, அந்த ஒரு மரத்துல செஞ்சாத்தான் ஆகுமாங்கய்யா? இதையெல்லாம் யாரு சட்டம் போட்டது?"

நல்ல கேள்வி. விளையாட்டுப் பக்கங்களில் வரும் ஆயிரம் புள்ளிவிவரங்களினும் இக்கேள்வியே நமக்குப் பெரிதாகத் தோன்றியது. இதற்கு விடை கூற இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே செல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் இந்த ஆட்டம் தோன்றிய காலத்தில் பந்தைத் தரையோடு உருட்டியே வீசினர். உருண்டு வரும் பந்தை வாரி அடிக்க, அடிமுனை வளைந்த கோல் போதுமானதாக இருந்தது. அது இன்றைய ஹாக்கிக் கோலுக்கு நெருங்கிய உருவம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் வீச்சாளர்கள் பந்தைக் காற்றில் விட்டுத் தரையில் ஒருமுறை குத்தவைத்து வீசக் கற்றனர். எழும்பி வரும் பந்துக்கு முன் வளைந்த கோல் உதவவில்லை. மட்டை நேராயிற்று. பந்து மாறினால் மட்டை மாறும். மட்டை அளவு மீறினால் சட்டம் வரும். அதன் பின் நிகழ்ந்தவை யாவும் இந்த இழுபறியே.

முதற் சட்டம் வந்த கதை நகைப்புக்குரியது. 1771-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், லேல்ஹாம் பர்வே என்னும் திடலில் செர்ட்சி அணியும் ஹாம்பிள்டன் அணியும் மோதின. செர்ட்சி அணிக்காக ஆடிய தாமஸ் ஒயிட் என்பவர், நட்டிருந்த ஸ்டம்புகளின் அகலத்துக்கு ஈடான அகலமுடைய மட்டையுடன் வந்து நின்றார். கதவைச் சாத்தியது போல விக்கெட்டை மறைத்துக்கொண்டு நின்றால் எந்த வீச்சாளர் என்ன செய்ய இயலும்? அவர் விதியை மீறவில்லை. மட்டையின் அகலத்தைப் பற்றி அப்போது விதியே கிடையாது. ஆட்டத்தில் ஒரே ஓட்டத்தில் வென்றவர் ஹாம்பிள்டன் அணியினரே. எனினும் அவர்கள் அதனோடு விட்டுவிடவில்லை. இரண்டு நாள் கழித்து, மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்துக்கு மேற்படலாகாது என்று ஒரு குறிப்பு எழுதி, அவ்வணியின் ஆட்டக்காரர் மூவர் கையொப்பமிட்டனர். 1774-இல் ஆட்ட விதிகள் திருத்தப்பட்டபோது அந்த அளவு சட்டமாயிற்று. ஹாம்பிள்டன் கழகத்தினர் இரும்பினால் அதே அளவில் ஒரு சட்டகம் செய்துவைத்து, ஐயத்துக்குரிய மட்டைகளை அதனுள் நுழைத்துப் பார்த்தனர்.

வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலேகால் அங்குலம் என்ற அந்த அளவு அன்று முதல் இன்றுவரை மாறவே இல்லை. நாணயம் மாறிற்று, எடையளவு மாறிற்று, அரசுகள் மாறின. மட்டையின் அகலம் மட்டும் இன்றும் நாலேகால் அங்குலந்தான். இக்காலக் கணக்கில் 108 மில்லிமீட்டர். நீளத்துக்கு 38 அங்குலம் என்ற எல்லை 1835-இல் வந்தது. அதுவும் அப்படியே நிற்கிறது.

அகலத்துக்கும் நீளத்துக்கும் எல்லை வகுத்தவர்கள், எதனால் செய்யவேண்டும் என்று எழுத மறந்தனர். மறந்தனர் என்பதைவிட, எழுதத் தேவை இருப்பதாக நினைக்கவில்லை என்பதே பொருந்தும். மரத்தைத் தவிர வேறு எதனால் செய்வார்கள்? இந்த ஓட்டையைக் கண்டுகொண்டவர் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற வேகப் பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி.

1979 டிசம்பரில் பெர்த் நகரில் இங்கிலாந்துடன் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் அவர் அலுமினியத்தாலான மட்டையுடன் களமிறங்கினார். நண்பர் ஒருவருடன் கூட்டாக விற்க முனைந்த பொருள் அது. விலை குறைந்ததாய், பள்ளிகளுக்கும் சிறு கழகங்களுக்கும் ஏற்றதாய் இருக்கும் என்பது எண்ணம். சில நாட்களுக்கு முன் மேற்கிந்தியத் தீவு அணிக்கு எதிராக அதே மட்டையுடன் ஆடியபோது எவரும் ஒன்றும் சொல்லவில்லை. பெர்த்தில் நடந்தது வேறு. இயான் போத்தம் வீசிய பந்தை லில்லி நேராக அடித்தார். 3 ஓட்டங்கள் கிடைத்தன. மரமட்டையாக இருந்தால் பந்து எல்லையைத் தொட்டு 4 ஆகியிருக்கும் என்று அவருடைய சொந்த அணித்தலைவர் கிரெக் சாப்பல் எண்ணி, வேறு மட்டையைக் கொடுத்தனுப்பினார். எதிரணித் தலைவர் மைக் பிரியர்லியோ, அலுமினியம் பந்தைச் சிதைக்கிறது என்று முறையிட்டார். நடுவர்கள் மட்டையை மாற்றச் சொல்ல, லில்லி மறுக்க, ஆட்டம் ஏறத்தாழ பத்து நிமிடம் நின்றது. இறுதியில் சாப்பலே மரமட்டையுடன் திடலுக்குள் வந்தார். லில்லி சினங்கொண்டு அலுமினிய மட்டையைத் தூர வீசி எறிந்தார். அது புல்வெளியில் விழுந்த காட்சியை உலகம் இன்றும் படமாகப் பார்க்கிறது.

1980-இல் விதிகள் புதுப்பிக்கப்பட்டபோது, மட்டையின் தகடு மரத்தால் ஆனதாக இருக்கவேண்டும் என்ற சொற்கள் ஏறின. தகடு என்பது பந்தை அடிக்கும் தட்டைப் பாகம். பிடி அதில் சேராது. நம் ஏலத்தோட்டத் தாயின் கேள்விக்கு முதல் விடை இங்கே கிடைக்கிறது. சட்டம் போட்டது இலண்டனிலுள்ள மேரிலபோன் கிரிக்கெட் கழகம், எம்.சி.சி. என்று சுருக்கமாகச் சொல்வர். 1787-இல் தோன்றிய இக்கழகமே இன்றும் ஆட்டத்தின் சட்டங்களுக்குப் பொறுப்பு. லில்லியின் கோபத்தை நாம் மெச்சவில்லை. ஆயினும், மலிவான மட்டை என்ற அவருடைய எண்ணத்தையும் அந்தக் கோபத்தோடு சேர்த்து உலகம் மறந்துவிட்டதே என்று தோன்றாமலில்லை.

மரத்தால்தான் செய்ய வேண்டும் என்றாயிற்று. உருவத்தைப் பற்றிய ஆசை ஓயவில்லை. 1974-இலேயே கிரே நிக்கல்ஸ் நிறுவனம் மட்டையின் முதுகைக் குடைந்து, எடையை ஓரங்களுக்கு ஒதுக்கி ஒரு புது மட்டையை வெளியிட்டிருந்தது; சாப்பல் சகோதரர்கள் அதைப் பயன்படுத்திப் பெயர்பெறச் செய்தனர். இன்று நம் ஊர்களில் டென்னிஸ் பந்து ஆட்டத்துக்கு விற்கும் முதுகு குடைந்த மட்டைகளைப் பார்த்தால் அதன் வழித்தோன்றல்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. நியூசிலாந்தின் லான்ஸ் கேர்ன்ஸ் வைத்திருந்த மட்டைக்குத் தோளே கிடையாது. பிடியிலிருந்து துடுப்பைப் போல நழுவி இறங்கும். 1983 பிப்ரவரி 13-ஆம் நாள் மெல்போர்ன் திடலில் அதைக்கொண்டு அவர் ஆறு சிக்சர்கள் அடித்தார்; அவற்றுள் ஒன்று, லில்லியின் பந்தை ஒரு கையால் அடித்தது! இவை எல்லாம் மரம். அகலமும் நீளமும் அளவுக்குள் இருந்தன. ஆகவே தடை இல்லை. ஆனால் 2006-இல் ரிக்கி பாண்டிங் ஆடிய மட்டையின் முதுகில் கிராஃபைட் கலந்த பட்டை ஒட்டப்பட்டிருந்தது எம்.சி.சி.யின் பார்வைக்கு வந்தது. பந்தை அடிக்கும் தகட்டுக்கு மரமல்லாத பொருள் வலுவூட்டுகிறது என்று கழகம் கருதியது; செய்த நிறுவனம் அவ்வகை மட்டையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்றைய விதிப்படி தகட்டின்மேல் பாதுகாப்புக்காக ஒட்டும் உறைகூட ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மேற்படலாகாது.

இனி நம் சென்னைக்கு வருவோம். விந்தை மட்டைகளின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 2010-ஆம் ஆண்டு ஐ.பி.எல். போட்டியில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காக ஆடிய ஆஸ்திரேலியர் மாத்யூ ஹேடன், 'மங்கூஸ்' என்ற மட்டையைக் கையிலெடுத்தார். மங்கூஸ் என்றால் கீரி. பெயருக்கேற்ப உடல் குட்டை, வால் நீளம்: வழக்கமான மட்டையைவிடத் தகடு மூன்றில் ஒரு பங்கு குறைவு, பிடியோ நாற்பது விழுக்காட்டுக்கு மேல் அதிகம். சாதாரண மட்டையில் பிடியின் ஆப்பு தகட்டின் மேற்பகுதிக்குள் இறங்கியிருக்கும். அந்த இடத்தில் பந்து பட்டால் வேகம் போகாது. மங்கூஸ் மட்டையில் அந்த இணைப்பைப் பிடிப் பக்கமே தள்ளிவிட்டனர். எனவே தகடு முழுவதும் அடிக்கத் தகுந்த மரம். எடையெல்லாம் கீழே திரண்டிருப்பதால் சுத்தியலைப் போல வீச்சும் கூடுகிறது.

மார்ச் 19-ஆம் நாள் தில்லி பெரோஸ் ஷா கோட்லா திடலில் தில்லி அணிக்கு எதிராக ஹேடன் 43 பந்துகளில் 93 ஓட்டங்கள் குவித்தார். சென்னை அணி வென்றது. அடுத்த சில நாட்கள் தேநீர்க்கடைகளில் அந்த மட்டையைப் பற்றியே பேச்சு. "இது நியாயமா?" என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமே, ஏனெனில் அகலமும் மொத்த நீளமும் அளவுக்குள் இருந்தன. நீளப் பிடிக்கும் இப்பொழுது எல்லை எழுதப்பட்டிருக்கிறது: பெரியவர் மட்டையில் பிடியின் நீளம் மொத்த நீளத்தில் 52 விழுக்காட்டைத் தாண்டலாகாது. உண்மையில் அந்த மட்டையைக் கட்டுப்படுத்தியது சட்டமன்று, பந்துவீச்சுதான். தகடு குட்டை என்பதால், நெஞ்சுக்கு எழும்பும் பந்தைத் தடுத்தாட மரம் போதவில்லை. அத்தொடரில் ஹேடன் மீண்டும் 93-ஐ எட்டவில்லை. சில ஆண்டுகளில் பெரிய ஆட்டங்களிலிருந்து கீரி ஓடி மறைந்தது. எல்லாவற்றுக்கும் சட்டம் தேவையில்லை என்பதற்கு இதை நாம் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு.

ஆனால் சட்டம் தேவைப்பட்ட இடமும் ஒன்று இருந்தது. அகலம், நீளம் என்ற இரண்டை அளந்தவர்கள் மூன்றாவது அளவை, அதாவது கனத்தை, 2017 வரை அளக்கவே இல்லை. பழைய காலத்தில் அதற்கு அவசியமும் எழவில்லை. கனம் கூடினால் எடை கூடும். எடை கூடினால் கை ஓயும். இயற்கையே காவல் நின்றது. பின்னர் மட்டை செய்வோர் மரத்தை நன்கு உலர்த்தவும், குறைவாக அழுத்தவும், முதுகின் இருபக்கமும் குழிவாகச் சீவி ஓரங்களைத் தடிப்பாக விடவும் கற்றனர். எடை கூடாமலே மட்டை பருத்தது. விளைவு என்ன? ஓரத்தில் பட்டுப் பிடிபடவேண்டிய பந்து பார்வையாளர் நடுவே சென்று விழுந்தது. ஏமாற்றி வீசிய வீச்சாளனுக்குத் தண்டனை, ஏமாந்த மட்டையாளனுக்கு ஆறு ஓட்டம்! இது முறையன்று என்று நாமும் சொல்லி வந்தோம். 2017 அக்டோபர் 1 முதல் ஓரத்தின் தடிப்பு 40 மில்லிமீட்டர், மொத்தக் கனம் 67 மில்லிமீட்டர் என்று எல்லை வந்தது. கூடவே நடுவர் கையில் ஓர் அளவுச் சட்டகமும் வந்தது. ஹாம்பிள்டன் கழகத்தின் இரும்புச் சட்டகத்துக்கு இது கொள்ளுப்பேரன்.

அந்தச் சட்டகத்தை நம் நாட்டு மக்கள் கண்ணாரக் கண்டது 2025 ஏப்ரலில். அதுவரை உடைமாற்றும் அறையில் நடந்துவந்த சோதனையை ஐ.பி.எல். நடுவர்கள் களத்திலேயே நடத்தினர். ஹார்திக் பாண்டியாவின் மட்டை உள்ளே நுழைந்து வெளியே வந்தது. ஏப்ரல் 15-ஆம் நாள் முல்லன்பூரில் கொல்கத்தா அணியின் சுனில் நரைனுடைய மட்டை நுழையவில்லை. வேறு மட்டையுடன் அவர் ஆடச் சென்றார். கோடிக்கணக்கான பணம் புரளும் ஆட்டத்தில், ஒரு சிறு சட்டகத்தின் முன் எல்லாரும் வரிசையில் நின்றதைக் கண்டு நாம் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்? எடைக்கு மட்டும் இன்றுவரை சட்டத்தில் எல்லை கிடையாது. எவ்வளவு கனமாயினும் தூக்கத் தெரிந்தவன் தூக்கலாம்.

இப்போது விலைக்கு வருவோம். 'மரம்' என்று மட்டுமே சட்டம் சொல்கிறது. எந்த மரம் என்று சொல்லவில்லை. அப்படியாயின் வேம்பிலோ தேக்கிலோ செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், சட்டம் குறுக்கே நில்லாது. பந்துதான் குறுக்கே நிற்கும். தேக்கு கனம், கையைத் தளர்த்திவிடும். நம் போடிப் பகுதிக்குப் பஞ்சைத் தரும் இலவ மரம் இலேசு. தோல் பந்தின் அடியைத் தாங்காது. அந்த மரத்தில் மட்டை செய்து ஓட்டம் எடுக்க நினைப்பவன், இலவு காத்த கிளிக்குத் துணை போக வேண்டியதுதான். இலேசாகவும் இருந்து அடியும் தாங்கும் மரம் வில்லோ. அழுத்தினால் அதன் இழைகள் மேற்பரப்பில் இறுகிக் கெட்டிப்படும். உள்ளே மென்மையாகவே இருக்கும். அதனால் பந்து துள்ளுகிறது, மரம் பிளப்பதில்லை. நம் மேற்கு மலைகளின் ஓடைக்கரைகளில் வளரும் ஆற்றுப்பாலை இதே குடும்பத்து மரந்தான். ஆயினும் மட்டைக்குப் பெயர்போனது இங்கிலாந்தின் வெள்ளை வில்லோவில் ஒரு தனி வகை. நட்டுப் பதினைந்து, இருபது ஆண்டுகளில் வெட்டுகின்றனர். பிளந்த கட்டைகளாகக் கப்பலேறி மீரட்டுக்கும் ஜலந்தருக்கும் வந்து, நம் தொழிலாளர் கையில் மட்டையாகி, மீண்டும் உலகெங்கும் போகிறது. 1947-இல் நாடு பிரிந்தபோது சியால்கோட்டிலிருந்து வந்த குடும்பங்கள் மீரட்டிலும் ஜலந்தரிலும் இத்தொழிலை ஊன்றினர்; அவர்களது உழைப்பைச் சொல்ல இன்னொரு கட்டுரை வேண்டும்.

இரண்டாம் தரமாகக் கருதப்படுவது காஷ்மீர் வில்லோ. அனந்தநாக் மாவட்டத்தில் பிஜ்பெஹாரா, சங்கம் ஆகிய ஊர்ச் சாலையோரங்களில் கட்டைகளை அடுக்கடுக்காக உலரவைத்திருப்பர். ஆங்கில வில்லோவைவிடச் சற்றுக் கனம், நிறம் பழுப்பு, விலையோ பல மடங்கு குறைவு. ஆங்கில வில்லோவில் முதல் தரத்து மட்டை ஐம்பதாயிரம் ரூபாயையும் தாண்டி விற்கிறது. ஏலக்காய் ஏலம் போகும் விலையை நாள்தோறும் கேட்டுப் பழகிய போடி மக்களுக்கே மயக்கம் தரும் விலை இது.

இந்நிலையில்தான் 2021 மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. தர்ஷில் ஷா, பென் டிங்க்ளர் டேவிஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் மூங்கில் பட்டைகளை ஒட்டி அழுத்தி ஒரு மட்டை செய்திருந்தனர். அது வில்லோவைவிட உறுதியானது; பந்து பட்டவுடன் வேகமாகத் திரும்பும் இடம் அதில் பெரிது, அடிமுனைக்கு அருகிலும் அமைந்தது. சற்றே கனம் என்பது ஒரு குறை. வில்லோ பதினைந்து ஆண்டு வளர வேண்டிய இடத்தில் அவர்கள் கையாண்ட மூங்கில் ஐந்தாறு ஆண்டுகளில் முற்றிவிடும். ஏழை நாடுகளில் விலை குறைந்த மட்டைக்கு இது வழிகாட்டும் என்றனர்.

எம்.சி.சி. என்ன சொன்னது? மூங்கில் மரமன்று, புல். தகடு மரத்தால் மட்டுமே ஆனதாக இருக்கவேண்டும் என்பது விதி. மூங்கிலை மரமென்றே கொண்டாலும், பட்டைகளை ஒட்டிச் செய்த தகட்டைச் சிறுவர் மட்டைகளில் அல்லாது விதி அனுமதிக்கவில்லை. ஆகவே சட்டத்தை மாற்றினாலன்றி இயலாது. எனினும் இதுபற்றி ஆராய்வோம் என்று கழகம் மறுமொழி கூறியது. மூங்கில் புல் என்பதில் ஐயமில்லை. தாவர நூல் அதையே சொல்லும்; நம் முன்னோரும் அறிந்ததுதான். அந்தக் கணக்கில் நம் தென்னை மட்டையும் தேறாது. அது மரமே அன்று, இலையின் காம்பு! அன்றியும் அதன் அடிப்பாகம் ஒரு சாண் அகலம் இருக்கும். தாமஸ் ஒயிட் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

நம் கருத்தைக் கேட்டால் இவ்வாறு சொல்வோம். அளவுச் சட்டங்கள் யாவும் நேர்மையானவை. வீச்சாளனும் மட்டையாளனும் சமமாக நிற்கவேண்டும் என்பதற்காக அவை பிறந்தன. 40 மில்லிமீட்டர் எல்லையை இன்னும் இறுக்கினாலும் நாம் வருந்தமாட்டோம். ஆனால் பொருளைப் பற்றிய சட்டம் வேறு வகை. உலோகம் பந்தைச் சிதைத்தது என்பதால் அது பிறந்தது. மூங்கில் பந்தைச் சிதைக்கும் என்று எவரும் காட்டவில்லை. வேகம் மிகுந்தால் கனத்தைக் குறைத்து எல்லை வகுக்கலாம். அதற்குத்தான் சட்டகம் இருக்கிறதே. ஒட்டுப் பட்டைக்குச் சிறுவர் மட்டையில் இடம் தரும் சட்டம், அதே பிள்ளை வளர்ந்து தோல் பந்துக்கு எதிரே நிற்கும்போது விலையுயர்ந்த மரத்தையே தேடச் செய்கிறது. செலவு தாங்காமல் பிள்ளையை ஆட்டத்தை விட்டு நிறுத்தும் வீடுகள் மலையடிவாரத்தில் எத்தனை என்பதை இலண்டனில் இருந்துகொண்டு அறிவது கடினம்.

அந்தத் தாய்க்கு நாம் சொன்ன விடையை மற்றப் பெற்றோருக்கும் சொல்லிவைக்கிறோம். பள்ளியளவில் ஆடும் பிள்ளைக்குக் காஷ்மீர் வில்லோ தாராளமாகப் போதும். விலைச்சீட்டைவிட அளவு முக்கியம். 1 முதல் 6 வரை எண்ணிட்டும், அதற்கு மேல் 'ஹாரோ' என்றும், பிறகு முழு அளவும் விற்கின்றனர். பள்ளிச் சீருடையை இரண்டு ஆண்டுக்கு ஆகட்டும் என்று தொளதொளவென்று தைப்பது போல மட்டையையும் பெரிதாக வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். சட்டை தொளதொளத்தால் கேடில்லை. மட்டை கனத்தால் மணிக்கட்டும் தோளும் வலிக்கும், ஆட்டமும் கெடும். பிள்ளையின் காலருகே நிறுத்திப் பார்த்தால் பிடியின் நுனி இடுப்பளவில் நிற்க வேண்டும். வலக்கை ஆட்டக்காரனாயின் இடக்கையால் மட்டும் பிடியைப் பற்றி, கையை நீட்டிச் சற்று நேரம் பிடிக்கச் சொல்லுங்கள். நடுங்கினால் அது அவனுக்கு உரிய மட்டை அன்று.

வாங்கிய அன்றே தோல் பந்தில் அடிக்கலாகாது. ஆளிவிதை எண்ணெயைத் துணியில் நனைத்துத் தகட்டில் மெல்லியதாகத் தடவி, ஒருநாள் படுக்கவைத்து உலர்த்த வேண்டும். பிடி இறங்கும் ஆப்பின்மேல் எண்ணெய் படலாகாது, பசை விட்டுப்போகும். பிறகு மரச்சுத்தியாலோ, பழைய பந்தைக் காலுறையில் கட்டியோ, முகப்பையும் ஓரங்களையும் நாளுக்குக் கொஞ்ச நேரமாகப் பல நாள் தட்டவேண்டும். சோம்பல்பட்டால் ஓரம் முதல் வாரத்திலேயே பிளக்கும். மலையிலிருந்து சாரல் இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில் மட்டையை மண்தரையில் நிறுத்தி வைக்காதீர்கள். அடிமுனை ஈரத்தைக் குடித்து உப்பிவிடும், உலர்ந்தபின் வெடிக்கும். சித்திரை வெயிலில் கூரைமேல் போடுவதும் அவ்வாறே கேடு. காற்றோட்டமுள்ள பரணில், எலி எட்டாத இடத்தில், படுக்கவைத்தால் போதும்.